டக்குத் துப்பாக்கியும் கல்லாவும்

மார்ச் 3

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே கடை நலம், கல்லாப்பெட்டி நலம், அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் நானும் நலம். உங்கள் கால் என்ன சொல்கிறது?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மூக்கைச் சுருக்காதீர்கள். நேற்று போனில் நடந்த கூத்தை நினைத்துப் பாருங்கள். நான் ஒன்று சொல்ல, நீங்கள் ஒன்று கத்த, பக்கத்தில் இருந்து உங்கள் அக்கா, "அவளுக்கு என்னடா தெரியும், நீ ஏன் தொண்டை கிழியக் கத்துறே?" என்று தீர்ப்புச் சொல்ல, கடைசியில் நான் கேட்க வந்ததே மறந்துபோனது. கடிதத்தில் நீங்கள் கத்த முடியாது. உங்கள் அக்காவுக்கும் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, அந்தக் கண்ணாடியும் தொலைந்துவிட்டது என்று கேள்வி. பஸ் அண்ணன் தினமும் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தானே வண்டி ஓட்டுகிறார்? அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருப்பதில் நமக்கு இந்த ஒரு தபால் வசதியாவது கிடைக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கடையைத் திறந்துவிட்டேன். "நான் வர்ற வரைக்கும் சாத்திட்டு வீட்டுல இரு" என்றீர்கள். ஏணியில் இருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டது நீங்கள்தான், கடை இல்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு ஏற ஆளில்லை என்றுதான் அக்கா வீட்டில் இறக்கிவைத்தோம். கடை தரையில்தானே இருக்கிறது, அதற்கென்ன கேடு?

சாவி வெட்டுவது எனக்கு வரும். அதை நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். ஆனால் "வீடு பூட்டிக்கிச்சு, சாவி உள்ளே இருக்கு, வந்து திறந்து விடுங்க" என்று யாராவது ஓடிவந்தால் நான் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் நேரே எதிர்க்கடைத் துளையப்பனிடம் போகிறார்கள். அவர் ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு போய், பூட்டைத் திறக்கச் சொன்னால் பூட்டைக் கொன்றுவிட்டு வருகிறார். வரும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் பூட்டுத் திறக்கும் கம்பிகளை நான் கேட்கவில்லை. அந்தக் கம்பிப் பையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்ட ஆள் நீங்கள். அது கைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும் என்பதும் தெரியும். ஆனால் கடைச் சுவரில், ஆணியில், அந்தத் துப்பாக்கி சும்மாதானே தொங்குகிறது? விசையை இழுத்தால் டக்கென்று அடிக்குமே, அந்த டக்குத் துப்பாக்கி. அதை வைத்துப் பூட்டுத் திறப்பது எப்படி என்று எனக்கு எழுதுங்கள். படமும் போடுங்கள்.

எனக்கு நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆசை. "கல்லா, சில்லறை குடு", "கல்லா, கவர் எடு" என்று இத்தனை வருஷம் செல்லமாகக் கூப்பிட்டீர்கள். கல்லாவுக்கும் கை இருக்கிறது, பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கல்லா

மார்ச் 4

அன்புள்ள கல்லாவுக்கு,

கால் கட்டுக்குள் அரிக்கிறது. சொறிய முடியவில்லை. அந்தக் கோபத்தில் உன் கடிதமும் வந்து சேர்ந்தது.

கடையைத் திறக்காதே என்றால் திறப்பாய் என்று தெரிந்திருந்தால், திற என்று சொல்லித் தொலைத்திருப்பேன். போகட்டும். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், கவனமாகப் படி.

பூட்டுக்குள் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பின்கள் நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று. சரியான சாவி போட்டால் எல்லாத் துண்டுகளும் ஒரே கோட்டில் பிரிந்து நிற்கும், நடுவில் இருக்கும் உருளை திரும்பும். துப்பாக்கி என்ன செய்கிறது என்றால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதே ஒரு தட்டைக் கம்பி, நாக்கு மாதிரி, அது பின்களைக் கீழே இருந்து ஓர் அடி அடிக்கும். கேரம் போர்டில் ஒரு காயை அடித்தால் அதை ஒட்டிய அடுத்த காய் ஓடுமே, அந்தக் கணக்குதான். மேல்துண்டுகள் துள்ளி எழும். அந்தக் கண நேரத்தில் நடுவில் இடைவெளி விழும். அப்போது உருளையைத் திருப்பிவிட வேண்டும்.

திருப்புவதற்கு இன்னொரு கையில் திருப்புக்கம்பி. வளைந்த சிறு கம்பி, மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைச் சாவி ஓட்டையில் செருகி, நன்றாக அழுத்திப் பிடி. முக்கியம் இதுதான்: நன்றாக, பலமாக அழுத்து. துப்பாக்கியின் நாக்கைப் பின்களுக்கு அடியில் நேராக வைத்து விசையை இழு. அவ்வளவுதான். பச்சைப் பிள்ளைகூடத் திறக்கும்.

பழைய பூட்டு ஒன்றை மேசையில் இருக்கும் இரும்புப் பிடியான வைஸில் கடித்துவைத்துப் பழகு. வாடிக்கையாளர் கதவில் போய்ப் பழகாதே. சொந்த வீடு என்று உறுதியாகத் தெரியாமல் யாருக்கும் எதையும் திறந்துவிடாதே. துளையப்பனோடு சண்டைக்குப் போகாதே.

அக்கா மூன்று வேளையும் சூப் கொடுக்கிறாள். மறுத்தால் அழுகிறாள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

அன்புள்ள என்னவருக்கு,

அந்தப் பச்சைப் பிள்ளையை எனக்கு அனுப்பிவையுங்கள். நான் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். ஒரு வரி தப்பவில்லை. வைஸில் பூட்டைக் கடித்துவைத்தேன், திருப்புக்கம்பியைச் செருகினேன், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன், டக் டக் டக் என்று அடித்தேன். பூட்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கட்டைவிரல் வீங்கிவிட்டது. இந்தக் கடிதத்தைக்கூட ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பேனாவைச் சொருகிக்கொண்டு எழுதுகிறேன், கோழி கிறுக்கினது போல் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் கேட்டு டீக்கடைக்காரர் வந்து, "என்னம்மா, ஸ்டேப்ளர் ரிப்பேரா?" என்றார். துளையப்பன் சாலையைக் கடந்தே வந்துவிட்டார். வாசலில் நின்று, "தங்கச்சி, அது விளையாட்டுச் சாமான். உன் வீட்டுக்காரர் அதை ஒரு தடவைகூட எடுத்து நான் பார்த்ததில்லையே" என்றார். "அவருக்குக் கம்பியே போதும், அதனால எடுக்கலை" என்றேன் சட்டென்று. உங்களை விட்டுக்கொடுப்பேனா? ஆனால் அவர் போன பிறகு அந்த வார்த்தை மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வேறு ஏதாவது சூட்சுமம் இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள்.

சூப்பைக் குடியுங்கள். எனக்கு யார் கொடுக்கிறார்கள்?

வீங்கிய விரலுடன்,
கல்லா

மார்ச் 10

அன்புள்ள கல்லாவுக்கு,

நீ அழுத்தியது போதவில்லை. பெண்கள் கை அப்படித்தான், இன்னும் பலமாக அழுத்து. பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடு. அப்படியும் வராவிட்டால் பூட்டு மட்டமான பூட்டாக இருக்கும், வேறு ஒன்றை எடு.

துப்பாக்கியின் மேல் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது, அடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க. அதை முழுக்கத் திருகிக் கூட்டி வை.

துளையப்பன் பேச்சைக் கேட்காதே. நான் எதை எடுத்தேன், எதை எடுக்கவில்லை என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லாத பேச்சு.

விரலுக்கு ஒத்தடம் கொடு. முடியாவிட்டால் விட்டுவிடு, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 15

அன்புள்ள என்னவருக்கு,

திறந்துவிட்டது! திறந்துவிட்டது! திறந்துவிட்டது!

இப்போது உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். "பெண்கள் கை" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கோபத்தில் பூட்டை நெரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா வந்து, "இந்தக் கீ செயின்ல யானை போட்டது இருக்கா, பூனை போட்டதுதான் இருக்கா?" என்று கேட்டார். நான் தலையைத் திருப்பி, "யானை மேல் வரிசையில இருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, கவனமில்லாமல் விசையை இழுத்தேன். பேச்சில் இடது கை விரல் தளர்ந்துபோயிருந்தது. டக். பூட்டு கப்பென்று திரும்பியது! நான் போட்ட கூச்சலில் அந்த அம்மா யானையைக் கீழே போட்டுவிட்டார்.

மறுபடி பலமாக அழுத்தி அடித்தேன். திறக்கவில்லை. தளர்த்தி அடித்தேன். திறந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தானே இருக்கிறது? பலமாகத் திருப்பினால் பின்கள் நெருக்கத்தில் மாட்டிக்கொள்ளும், எங்கே இருந்து துள்ளும்? நெரிசல் பஸ்ஸில் நிற்கிறவனை எம்பிக் குதி என்றால் குதிப்பானா? அவற்றை விட்டுப்பிடிக்க வேண்டும். டம்ளரில் டீ சூடாக இருக்கிறதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்ப்போம் இல்லையா, அந்த அளவு போதும். தொட்டும் தொடாமல். அடி விழுகிற அந்த நொடியில் விரல் அதுவாகவே திருப்பிவிடும். விரலுக்கு யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது. அந்தக் குட்டிச் சக்கரத்தையும் கூட்டி வைக்கக் கூடாது, குறைவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

அதாவது, நீங்கள் எழுதியது அத்தனையும் நேர் எதிர்.

இன்னொன்று. துப்பாக்கியைத் துடைக்கலாம் என்று துணியால் தேய்த்தபோது கைப்பிடியில் ஏதோ உரிந்து வந்தது. பார்த்தால், புதுச் சாமான் மேல் ஒட்டி வருமே, அந்த பிளாஸ்டிக் தாள். பச்சைப் பிள்ளைகூடத் திறக்கும் என்று எழுதினீர்களே, அந்தத் துப்பாக்கியில் ஒட்டுத்தாள்கூட உரியவில்லை, என் ராஜாவே.

உங்களுக்கு இது வராது, அப்படித்தானே?

சிரித்துக்கொண்டே,
கல்லா

மார்ச் 16

கல்லாவுக்கு,

சந்தோஷம்.

அந்தத் தாள் வெயிலில் மங்காமல் இருக்க வேண்டுமென்று நானே விட்டுவைத்தது. மீதியை விவரமாக எழுதலாம் என்று பார்த்தால் அக்கா சூப்போடு வந்து நிற்கிறாள். ஆறிவிடும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 28

அன்புள்ள என்னவருக்கு,

சூப் குடித்து முடித்தீர்களா? போன கடிதத்துக்குப் பிறகு நான் அந்த ஒட்டுத்தாள் பேச்சை எடுக்கவே இல்லை, கவனித்தீர்களா? அவ்வளவு நல்லவள் நான்.

இன்று முதல் முறையாக வெளியே போய் ஒரு கதவைத் திறந்தேன். சொல்லாமல் இருந்தால் வெடித்துவிடுவேன்.

மதியம், பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவருடைய அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி நேற்றே கழன்றுவிட்டதாம். சாத்தினால் உள்ளே இருந்து திறக்க முடியாதென்று ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாராம். இவர் ஏதோ எடுக்க வெளியே வர, நர்ஸும் பின்னாலேயே வெளியே வந்து நாற்காலியை நகர்த்த, கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளே. உள்ளே யார்? ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வாய் முழுக்கப் பஞ்சு, தாடை மரத்துப்போய், நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறார்.

நான் கிளம்புவதற்குள் துளையப்பன் மோப்பம் பிடித்து ட்ரில்லோடு வந்துவிட்டார். கதவுக்கு முன்னால் நின்று, சரிபார்க்க ஒரு தடவை கிர்ர்ர் என்று ஓட்டினார். உள்ளே இருந்து ஓர் அலறல்! பல் டாக்டர் நாற்காலியில் படுத்திருக்கும் மனிதர் காதில் அந்தச் சத்தம் விழுந்தால் என்ன ஆகும்? "ஏஹாம்! ட்ஹில் ஏஹாம்!" என்று பஞ்சு வாயோடு கத்துகிறார். "ட்ரில் வேணாமாம்" என்று நர்ஸ் மொழிபெயர்த்தாள்.

நான் அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று கதவோரம் வாயை வைத்து, "பயப்படாதீங்க சார், ட்ரில் இல்லை, நான் துப்பாக்கி கொண்டாந்திருக்கேன்!" என்றேன்.

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து படியிறங்கிவிட்டார்கள். வீங்கிய கன்னத்தோடு வந்த ஒருவருக்கு வலியே போய்விட்டது போலிருக்கிறது, அப்படி ஓடினார். இனிமேல் வெளியே அந்தச் சாமானுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். நாக்கை நுழைத்து அடித்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் மெதுவாகத் தொட்டேன். ஒன்றும் இல்லை. துளையப்பன் தொண்டையைக் கனைக்கிறார். தோற்றுப் போய்த் திரும்பினால் மறுநாள் கடையில் எந்த முகத்தோடு உட்காருவது? அப்போது சட்டென்று ஒன்று தோன்றி, "டாக்டர், உங்க சாவி உள்ளே போகும்போது பல் மேலே பார்க்குமா, கீழே பார்க்குமா?" என்று கேட்டேன். "கீழே" என்றார். எவனோ ஒரு புத்திசாலி பூட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறான்! பின்களெல்லாம் கீழ்ப்பக்கம் இருக்க, நான் மேலே பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்தேன். தொட்டும் தொடாமல். டக். இன்னொரு டக். திறந்தது.

வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் ரொம்ப நல்ல வார்த்தைகளாகத்தான் இருக்கும். துளையப்பன் ட்ரில்லைப் பைக்குள் வைத்துவிட்டு, "கை நல்லா இருக்கு தங்கச்சி" என்றார். அந்த மனிதர் வாயில் இருந்து!

படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும், உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஓடிவந்து எழுதுகிறேன்.

உங்கள்,
கல்லா

மார்ச் 30

அன்புள்ள கல்லாவுக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. கெட்டிக்காரி. கவிழ்த்துப் பிடிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம். பூட்டைத் தலைகீழாக மாட்டுகிறவனைக் கடைப் பக்கமே விடக் கூடாது. அப்படி ஒருவன் என் கையில் கிடைத்தால் காதைத் திருகிவிடுவேன்.

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் ஊன்றுகோலோடு நடக்க வேண்டும். சீக்கிரமே வந்துவிடுவேன். வந்ததும் நீ பழையபடி கல்லாவைப் பார்த்துக்கொள். பட்டறை மேசைக்கு ஒரு ஸ்டூல்தான் இருக்கிறது, ஒரு கடைக்கு ஒரு பூட்டுக்காரன் போதும். நான் இல்லாத நேரத்தில் சமாளித்தாய், ரொம்பச் சரி. துப்பாக்கியைத் துடைத்து ஆணியில் மாட்டிவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 2

என்னவருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை விளையாட்டு என்று நினைத்தேன்.

எனக்கு வலிக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். "சமாளித்தாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சமாளிக்கவில்லை, கற்றுக்கொண்டேன். நீங்கள் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தும் கற்றுக்கொண்டேன். கல்லா, கல்லா என்று நீங்கள் கூப்பிடும்போது இத்தனை நாளும் செல்லமாகத்தான் கேட்டது. இந்தக் கடிதத்தில் அது ஒரு பெட்டியின் பெயராகக் கேட்கிறது.

எனக்கு அந்த மேசையில் பாதி வேண்டும். உங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொள்ள அல்ல. உங்கள் கம்பி திறக்கும் பூட்டும் எனக்குத் தெரியும், என் கை திறக்கும் பூட்டும் எனக்குத் தெரியும். துப்பாக்கியை ஆணியில் மாட்ட மாட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு போடும் மாத்திரையை மறக்காதீர்கள். கோபமாக இருக்கிறேன், இருந்தாலும் மறக்காதீர்கள்.

இந்தத் தடவை கையெழுத்துப் போட என்ன பெயர் எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் போடவில்லை.

ஏப்ரல் 16

அன்புள்ளவளுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அக்காவுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது. தலையணைக்கு அடியில் இருந்த உன் கடிதத்தைப் படித்துவிட்டாள். "ஏன்டா, அந்தப் பொண்ணு தனியா நின்னு கடையைக் காப்பாத்திக் குடுத்திருக்கு, நீ ஆணியில மாட்டுங்கிறியா?" என்று ஒரு பிடி பிடித்தாள். அன்றோடு சூப் நின்றுபோனது. அதை வேண்டாம் என்று எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறேன், இப்போது கேட்டாலும் கிடைப்பதில்லை.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்றால், பயம். ஊன்றுகோலோடு வருகிறேன். இனிமேல் ஏணி ஏற விடமாட்டார்கள், மாடி மாடியாக ஓட முடியாது. எனக்கென்று மிஞ்சுவது அந்த ஸ்டூல் ஒன்றுதான் என்று தோன்றிவிட்டது. நீ இவ்வளவு நன்றாகச் செய்கிறாய் என்று படிக்கப் படிக்கப் பெருமையாகவும் இருந்தது, அந்தப் பயம் கூடவும் செய்தது. இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வண்டியில் மதியம் வந்து இறங்குகிறேன். படியை மெதுவாக நானே ஏறிக்கொள்வேன். வீட்டில் இரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 20, ஞாயிறு
(நம் வீட்டுக் கதவில் ஒட்டியது)

அன்புள்ள என்னவருக்கு,

வாங்க, வாங்க. படி ஏறி மூச்சு வாங்கியிருக்கும், முதலில் உட்காருங்கள். இங்கே வைத்திருப்பது புது ஸ்டூல், மெத்தை போட்டது. கடைக்கென்று வாங்கினேன். பிளாஸ்கில் டீ இருக்கிறது.

வீட்டில் இருக்கச் சொன்னீர்கள், இருந்தேன். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நம் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் வீட்டில் குழந்தை குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டதாக ஆள் வந்தது. போகாமல் இருக்க முடியுமா? சின்னப் பூட்டு, அதற்கு ஒரு நாணயமே போதும், துப்பாக்கி தேவையில்லை. அதனால் துப்பாக்கியும் திருப்புக்கம்பியும் ஸ்டூலுக்குக் கீழே பையில் இருக்கின்றன. வீட்டுச் சாவி இரண்டும் என்னிடம்.

என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. நான் வருவதற்குள் நீங்கள் இந்தக் கதவைத் திறந்து உள்ளே போயிருந்தால், நாளை முதல் நான் கல்லாவில் உட்காருகிறேன். மறுபேச்சு இல்லை, முகத்தையும் தூக்க மாட்டேன். திறக்கவில்லை என்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஸ்டூல் பட்டறை மேசைக்குப் போகும், உங்களுடையதற்குப் பக்கத்தில்.

டீ சூடாக இருக்கும். தொட்டுப் பார்த்துக் குடியுங்கள்.

இப்படிக்கு,
பூட்டுக்காரி

(அதே தாளின் பின்பக்கம்)

அன்புள்ள பூட்டுக்காரிக்கு,

வேறு தாள் இல்லை. டீ நன்றாக இருந்தது. ஸ்டூலும் நன்றாக இருக்கிறது.

முதலில் நாக்கை நுழைத்து அடித்தேன். பூட்டு அசையவில்லை. இன்னும் நாலு அடி. எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, "அடடே, வந்துட்டீங்களா! வீட்டுக்காரம்மா இல்லையா? அவங்க இருந்தா டக்குனு திறந்துடுவாங்களே" என்றார். நன்றி சொன்னேன்.

பிறகுதான் உறைத்தது. நம் வீட்டுச் சாவி பல் கீழே பார்த்துத்தானே உள்ளே போகும்? இத்தனை வருஷமும் அப்படித்தானே திறந்தேன்! இந்தப் பூட்டை மாட்டியது யார்? நான். தலைகீழாக மாட்டுகிறவனின் காதைத் திருகுவேன் என்று எழுதியதும் நான். உனக்கு இது தெரியும். தெரிந்தும் உன் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை பார், அதற்காகவே உன்னைக் கும்பிட வேண்டும்.

கவிழ்த்துப் பிடித்து அடித்தேன். சூடான டம்ளரை நினைத்துக்கொண்டு அடித்தேன். வரவில்லை. என் விரல் கனம். அன்றும் இப்படித்தான். இந்தத் துப்பாக்கியை வாங்கிய வாரமே, நீ வீட்டுக்குப் போன பிறகு கடையில் உட்கார்ந்து அடித்து அடித்துப் பார்த்து, வராத கோபத்தில் ஆணியில் மாட்டினேன். அந்த ஒட்டுத்தாள் வெயிலுக்காக விட்டதில்லை.

எதிர்வீட்டு அம்மாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "துப்பாக்கியாலதான் திறக்கணும்னு இதுல இல்லையே, உங்க பையில கம்பி இருக்குமே?" என்றார். இருக்கிறது. இதோ மடியில்தான் இருக்கிறது. இந்தப் பூட்டு அதற்கு ஒரு பூட்டே இல்லை, பிளாஸ்கில் மிச்சமிருக்கும் டீ ஆறுவதற்குள் திறந்திருப்பேன். நீ கம்பியைப் பற்றி எழுதாதது மறதியால் இல்லை, வேண்டுமென்றே எனக்கு விட்டுவைத்த வழி என்பதும் எனக்குத் தெரியும்.

பையைத் திறக்கவில்லை.

சீக்கிரம் வா. அந்தக் குழந்தை நலமா? வந்து நீயே திற, நான் பக்கத்தில் நின்று உன் விரலைப் பார்க்க வேண்டும். எனக்கும் அது வருகிறவரை மேசையில் இரண்டு ஸ்டூலும் உன்னுடையவை. அதுவரை சில்லறையும் கவரும் நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கல்லா